மாங்குற்றியும் இரண்டு கோடாலிகளும்

மே மாதக் காற்றில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வளவு மாமரத்தின் பெரிய கிளை முறிந்து விழுந்தது. 2022இல் எரிவாயு கிடைக்காத நாட்களில் முற்றத்தில் மூட்டிய விறகடுப்பை அம்மா இன்னும் கைவிடவில்லை. அதனால் கிளையை நானே கொத்துவதென்று புறக்கோட்டைக்குப் போய் ஒரு கோடாலி வாங்கி வந்தேன்.

தலை ஒன்றரைக் கிலோ. மெல்லிய அலகு, பிறை போல வளைந்த வாய். சிறு கிளைகளைத் தறித்தபோது மிகவும் பிடித்துப்போனது. வளைந்த வாயில் ஒரு சிறு பகுதிதான் முதலில் மரத்தில் படுகிறது. அடியின் விசை முழுவதும் அங்கே குவிந்து நாரைக் குறுக்கே அறுக்கிறது. இடமும் வலமுமாகச் சாய்த்துப் போட்டால் சில்லுகள் பறந்தன.

குற்றிகளிடம் அது எடுபடவில்லை. ஒரு குற்றியை நிமிர்த்தி நடுவில் போட்டேன். நான்கு விரல் ஆழம் இறங்கி இறுகிவிட்டது. ஆட்டி ஆட்டி இழுத்து எடுப்பதற்குள் தோள் கழன்றது. மாலை முழுவதற்கும் மூன்றே குற்றிகள். வாய் மழுங்கிவிட்டது என்று நினைத்து அரம் போட்டேன். முன்னைவிட ஆழமாக இறுகியது.

பக்கத்து வீட்டு மாமா வன்னியில் விறகு கொத்தி வளர்ந்தவர். மதிலருகே நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது தறிக்கிற கோடாலி. பிளப்பதற்கு இதைக் கொண்டுபோய் மினக்கெடாதே" என்றார். தன்னுடையதை எடுத்துத் தந்தார். இரண்டரைக் கிலோ இருக்கும். வாய் ஏறக்குறைய நேர்கோடு. மேலிருந்து பார்த்தால் சரியான ஆப்பு. காம்புத் துளையருகே இரண்டு அங்குலத் தடிப்பு. இரண்டாவது அடியில் குற்றி இரண்டாகி விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே மேலும் ஆறு குற்றிகள் கொத்தினேன்.

பிளக்கும்போது நாரை அறுக்க வேண்டியதில்லை. அதன் ஓட்டத்தோடு விலக்கினால் போதும். வாய் வெடிப்பைத் தொடங்கி வைக்கிறது, பின்னால் வரும் தடிப்புத்தான் மரத்தைத் தள்ளித் திறக்கிறது. பக்கங்கள் தட்டையாக இருந்தால் மரம் முழுப் பரப்பையும் கவ்விக்கொள்ளும். சற்றுப் புடைத்திருந்தால் உரசும் இடம் குறைவு, கோடாலியும் எளிதில் வெளியே வரும்.

போன சனிக்கிழமை மறுபடி புறக்கோட்டை. இம்முறை கடைக்காரர் நீட்டிய ஒவ்வொன்றையும் திருப்பி மேலிருந்து பார்த்தேன். புடைப்புள்ள இரண்டு கிலோக் கோடாலி ஒன்று கிடைத்தது. வாயை முப்பது பாகைக்குக் குறையாமல் தீட்டியிருக்கிறேன். அதைவிடக் கூராக்கினால் கணுவில் பட்டு வாய் உடையும். கணு உள்ள குற்றிகளை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சீவி வருகிறேன்.

மெல்லிய கோடாலியை நிற்கும் மரத்தில் பார்க்க ஆசைதான். ஆனால் வளவில் மீதி நிற்பது பலா. அனுமதியில்லாமல் அதைத் தறிக்கச் சட்டம் இடம் தராது, அம்மாவும் விடமாட்டார். இன்னும் ஐந்து மாங்குற்றிகள் மழையில் நனைந்து கிடக்கின்றன.