அண்ணாச்சியின் பேரேடு

பருப்பு மண்டியில் பன்னிரண்டு வருஷம் அண்ணாச்சிக்குக் கணக்கு எழுதினேன். அப்புறம் ஐந்து வருஷம் டெல்லியில் அவருக்காகக் கடிதம் எழுதினேன். 2004 மக்களவைத் தேர்தலில் கட்சி அவருக்கு சீட் கொடுத்தபோது கடையில் யாரும் நம்பவில்லை. ஜெயித்தபோது அவரே நம்பவில்லை. அவர் பேரும் ஊரும் இங்கே வேண்டாம். தெற்கே ஒரு சின்ன ஊர் என்றால் போதும்.

"புது ஆளுக்கு என் பேச்சு பிடிபடாதுடே, நீயே வா" என்றார். எனக்கு நடந்த இன்டர்வியூ அவ்வளவுதான். திருக்குறள் எக்ஸ்பிரஸில் போனோம். எம்.பி.க்களுக்குக் கொடுக்கும் நார்த் அவென்யூ வீட்டுக்குள் நுழைந்ததும், மண்டியிலிருந்து கொண்டுவந்த காமராசர் படத்தை மாட்டச் சொன்னார். காமராசரும் சின்ன வயதில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் 1969-இல் நாகர்கோவிலிலிருந்தும் மக்களவைக்குப் போனவர். "கடையில நின்னவன் வரக்கூடாத எடமில்ல இது" என்றார் அண்ணாச்சி. எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

மண்டியில் அவர் சொல்தான் முடிவு. மூட்டையில் குத்தூசியைச் செருகுவார். உள்ளங்கையில் விழும் துவரையைத் தேய்த்து ஊதுவார், ஒன்றைப் பல்லில் கடிப்பார், விலையைச் சொல்வார். சரக்கு இறங்கும், இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பும். டெல்லியில் எதுவும் அப்படி நடக்காது. கேட்கலாம், எழுதலாம், பரிந்துரைக்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி அப்போது வருஷத்துக்கு 2 கோடி ரூபாய். அது அண்ணாச்சியின் கல்லாவில் கிடப்பதாகத்தான் ஊரில் நினைத்தார்கள். உண்மையில் பணம் போனது மாவட்டக் கலெக்டருக்கு. என்ன வேலை என்று எம்.பி. சொல்லலாம், அனுமதிப்பதும் செய்து முடிப்பதும் அவர்கள் பாடு. கோயிலுக்கு அதில் ஒரு ரூபாய் கொடுக்க முடியாது என்பது விதி. அதை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பழைய கூட்டாளி ஒருவர், "அந்த ரெண்டு கோடியில ஒரு அஞ்சு லட்சம் கைமாத்தாக் குடு, தையில திருப்பிடுதேன்" என்று கேட்டே விட்டார்.

சரி, இதற்கும் கணக்கு வேண்டும் என்று ஒரு பேரேடு போட்டார். இடப்பக்கம் போன கடிதம், வலப்பக்கம் வந்த பதில். ரயிலில் எமர்ஜென்சி கோட்டா கேட்டு எழுதியது, ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதி கேட்டு எழுதியது, ரயில்வே கேட் மேம்பாலம், எல்லாம் அதில் ஏறும். மண்டிச் சட்டம் அங்கேயும் செல்லும்: எழுதினதை அழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். இடப்பக்கம்தான் வேகமாக நிறைந்தது.

என் தப்பு ஒன்றும் அதில் இருக்கிறது. மிளகாய் வத்தலுக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்று, சபையில் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேச அவருக்கு வாய்ப்பு வந்தது. தமிழில் பேசுவதாக இருந்தால் அப்போது மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருந்தது. நான் மறந்துவிட்டேன். வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணாச்சி தமிழில் ஆரம்பிக்கிறார். சுற்றி இருப்பவர்கள் காதுக்கருவியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். "சார், சில்லி... கோல்டு ஸ்டோரேஜ்... வெரி இம்பார்ட்டன்ட்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராத்திரி என்னைத் திட்டவில்லை. "லாரி கிளம்புன பெறகு மூட்டைய எண்ணிப் பிரயோசனமில்லடே" என்றார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதை விடப் பெரியது பருப்பு விஷயம். 2006 ஜூனில் பருப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2007 ஜனவரியில் துவரைக்கும் உளுந்துக்கும் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னால் தரும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவதை, நிறுத்தினார்கள். டெல்லிப் பேப்பர்களில் ஆளாளுக்கு எழுதினார்கள். அண்ணாச்சி படித்துவிட்டுச் சிரிப்பார். எந்த மாசம் சரக்கு எங்கே தேங்கும், யார் இருப்பு வைப்பார்கள், பர்மா உளுந்து துறைமுகத்தில் இறங்கினால் நம்மூர் விலை எத்தனை நாளில் அசையும், எல்லாம் விரல் நுனியில். ஒரு ராத்திரி உட்கார்ந்து, சபையில் கேட்க ஆறு கேள்விகள் சொன்னார், நான் எழுதினேன். அந்த ஐந்து வருஷத்தில் நான் எழுதியதிலேயே சரக்குள்ள கடிதம் அதுதான். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான், அதுவும் குலுக்கலில். சபையில் வாய்மொழியாகப் பதில் கிடைப்பது நாலைந்துக்குத்தான். ஆனாலும் எழுத்தில் பதில் வந்துவிடும்.

காலையில், "அனுப்பாத" என்றார். மண்டி தம்பி பேரில் மாறியிருந்தது. "யாரு நம்புவா? பருப்புக்காரன் பருப்பப் பத்திக் கேட்டான், கடைக்குத்தான் கேட்டான்னு சொல்லுவான்."

"இது என் தொழில்னு மொதல்லயே சொல்லிட்டுக் கேளுங்க அண்ணாச்சி, அப்படிச் சொல்லிட்டுப் பேசுறதுதானே முறை" என்றேன். கேட்கவில்லை. அவர் பயந்தது அவதூறுக்கு மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. கேள்விக்கு வரும் பதில் தம்பியின் கொள்முதலுக்கு உதவுமா என்று அவருக்கே உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். அந்தக் கணக்கு ஓடியதுதான் அவரைச் சுட்டிருக்கும். அது நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சபையில் துவரையைக் கடித்துப் பார்த்து விலை சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் அன்றைக்குச் சாலை விபத்துகளைப் பற்றி ஒரு கேள்வி அனுப்பினார். யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்வி.

2009-இல் சீட் கிடைக்கவில்லை. காமராசர் படத்தைக் கழற்றி, பழைய சாக்கில் சுற்றி, ஊர் வந்து சேர்ந்தோம். அடுத்த வாரமே குத்தூசியை எடுத்துவிட்டார். பி.என்.ஆர். நம்பர் எழுதிய சீட்டோடு ஆட்கள் வருவது மட்டும் ரொம்ப நாள் நிற்கவில்லை. அவரும் வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

பேரேடு என்னிடம் இருக்கிறது. 2007 ஜனவரிப் பக்கத்தில், இடப்பக்கம், அவர் கையெழுத்திலேயே "துவரை, உளுந்து - 6 கேள்வி" என்று இருக்கிறது. மேலே ஒற்றைக் கோடு.