திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டிய கசற்

விடுதியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணை ஒருவர் இருந்தார். பெயரை எழுதவில்லை. 1979 இல் விடுதியில் இருந்தவர்களுக்குப் பிரார்த்தனை மண்டபத்து ஆர்மோனியம் என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய மாமா கப்பலில் வேலை செய்தவர். ஒரு தவணை விடுமுறை முடிந்து வந்தபோது, அண்ணையின் றங்குப்பெட்டிக்குள் பருத்தித்துறை வடைப் பைக்கும் எள்ளுருண்டைப் பேணிக்கும் நடுவில் ஒரு கசற் இருந்தது.

"திங்கட்கிழமை திருப்பித் தந்திட வேணும். நாடாவைச் சிக்க விட்டிடாதை" என்று சொல்லித்தான் தந்தார்.

இரவுப் படிப்பு முடிந்து விளக்கு அணைத்த பிறகு, றெக்கோடரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் கேட்டேன். முதல் பாட்டு 'பேர்ட்லாண்ட்'. அடியில் ஏதோ ஒன்று நடந்து வருகிறது. மேலே கிற்றார் மாதிரி ஒரு சின்ன மெட்டு. பிறகு முழு ஊரும் எழும்பி வந்து ஆடுவதுபோல எல்லா வாத்தியமும் சேர்கின்றன. அந்தக் கிற்றார் கிற்றாரே இல்லை, ஜாக்கோ பஸ்ரோறியஸ் பேஸ் கிற்றாரின் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பிய மேற்சுரங்கள் என்று அறிய எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. மூன்று இரவும் அதையே கேட்டேன்.

"ஆர் அண்ணை இந்தப் பாட்டை எழுதின ஆள்?"

"ஜோ ஸாவினுலாம். வியன்னாக்காரன். பியானோ அடிக்கிறவன்."

அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அன்று பின்னேரம் அண்ணை ஆர்மோனியத்தில் அந்த மெட்டைத் தேடிப் பிடித்து வாசித்தார். துருத்தியில் ஓட்டை விழுந்து பிளாஸ்ரர் ஒட்டிய ஆர்மோனியம். விடுதிப் பொறுப்பாசிரியர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் பயந்துபோனோம். வாசித்து முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "தேவாரத்துக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வியன்னாக்காரரைப் பற்றி அறிந்துகொள்ள எனக்கு அகதி வாழ்க்கை கிடைத்தது. 1985 இல் ஜேர்மனிக்கு வந்து, பகலில் மொழி வகுப்பு, இரவில் உணவகக் குசினி. இடைப்பட்ட நேரத்தில் போய் இருக்கச் சூடான இடம் நகர நூலகம்தான். அங்கே இசைத்தட்டு இரவல் தருவார்கள். 'ஸா' வரிசையில் தேடியபோது அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்ட 1971 தட்டு கிடைத்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உறையின் குறிப்புகளைப் படித்தேன். ஒரு பாட்டு, ஒஸ்ரிய நாட்டில் ஆடு மேய்த்த சிறுவயது நாட்களின் நினைவு. இன்னொன்று, பனி கொட்டிய மலைக்கிராமத்தில் கோயில் மணி ஒலிக்க நடந்த தாத்தாவின் இறுதி ஊர்வலம். மூன்றாவது, கப்பலில் வந்து முதன்முதல் நியூயோர்க்கைக் கண்ட கணம். அந்தத் தட்டை நான் நாலு தடவை இரவல் புதுப்பித்தேன். பேர்ட்லாண்டைவிட இதுதான் என் மனதுக்குப் பெரிது, இன்றைக்கும்.

1932 யூலை 7 இல் வியன்னாவில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஸாவினுல். ஏர்ட்பேர்க் பகுதியில் வளர்ந்தார். முதல் வாத்தியம் அக்கோடியன். அதன் ஓசை அவருக்குப் போதவில்லை. பில்லியட் மேசையில் விரிக்கும் பச்சைக் கம்பளித் துணியில் ஒரு துண்டு எடுத்து அக்கோடியனின் ஒலிப்பலகையில் ஒட்டினாராம், ஓசை மாறிவிட்டது. சின்னப் பொடியன் செய்த வேலை! பிற்காலத்தில் மின்னணு வாத்தியங்களோடு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது எல்லாம் அந்தத் துணித்துண்டின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

திறமையைப் பார்த்து வியன்னா இசைக்கல்லூரி இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. போர் முற்றிக் குண்டு விழத் தொடங்கியதும், மாணவர்களைச் செக் பக்கத்து மாளிகை ஒன்றுக்கு இடம்பெயர்த்தார்கள். அங்கே சக மாணவன் ஒருவன் பியானோவில் புதுவிதமாக ஏதோ வாசிக்க, 'இது என்ன?' என்று கேட்டார். 'ஜாஸ்' என்றானாம். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை அது. விடுதியில் படித்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாத்தியார் வகுப்பில் தருவது ஒன்று, கூடப் படித்தவன் கையில் தருவது வேறொன்று.

போர் முடிந்ததும், முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த ஹொலிவூட் இசைப்படம் ஒன்றை 24 தடவை பார்த்தார். அந்த மனிதர்களோடு வாசிக்கவேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1959 இல் பொஸ்ரனின் பேர்க்லி இசைக்கல்லூரிப் புலமைப்பரிசில் கிடைத்துக் கப்பல் ஏறினார். கல்லூரியில் இருந்தது சில வாரம்தான். அதற்குள் ட்ரம்பெற் கலைஞர் மேனாட் பேர்குசனின் குழுவில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேதான் சக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷோர்ட்டரைச் சந்தித்தார். பிறகு பாடகி டைனா வாஷிங்டனுக்குப் பியானோ வாசித்தார். 1961 முதல் 1970 வரை சக்ஸபோன் கலைஞர் கனன்போல் அடர்லியின் குழு. கறுப்பினக் குழுவில் ஒரேயொரு வெள்ளைக்காரர், அதுவும் நிறப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்த நாட்களில். 1966 இல் அவர் எழுதிக் கொடுத்த 'மேர்சி, மேர்சி, மேர்சி' அமெரிக்கப் பாட்டு வரிசையில் 11 ஆம் இடம்வரை ஏறியது. அதில் அவர் வாசித்தது மின்பியானோ. ஜாஸ்காரர் பலருக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்த காலம் அது.

ஆட்டிடையன் நினைவில் எழுதிய பாட்டின் பெயர் 'இன் எ சைலன்ற் வே'. 1969 பெப்ரவரியில் ஜாஸ் ட்ரம்பெற் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதைத் தன் தட்டுக்கு ஒலிப்பதிவு செய்தார். ஸாவினுல் எழுதிய சுரக்கோர்வைகளில் பெரும்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒற்றைச் சுரத்தின்மேல் மெட்டை மட்டும் மிதக்கவிட்டார் டேவிஸ். தம்புரா சுருதியில் வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும். ஸாவினுலுக்கு அந்த மாற்றம் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜாஸும் றொக்கும் மின்வாத்தியமும் கலந்த பியூஷன் இசைக்கு அந்தத் தட்டு ஒரு வாசலானது. மின்சாரம் வந்து ஜாஸைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட்டதில்லை. அந்தத் தட்டை இருட்டில் இருந்து ஒரு தடவை கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

1970 முடிகிற நேரம் ஷோர்ட்டரோடும் பேஸ் கலைஞர் மிறோஸ்லாவ் விற்றூஸோடும் தொடங்கிய 'வெதர் றிப்போட்' குழு 1986 வரை நிலைத்தது. எங்கள் குழுவில் யாரும் தனி ஆவர்த்தனம் வாசிப்பதில்லை, எல்லாரும் எப்போதும் தனி ஆவர்த்தனம்தான் வாசிக்கிறோம் என்பது அவருடைய விளக்கம். 1976 இல் வந்த 'பிளாக் மார்க்கெட்' (கறுப்புச் சந்தை) பாட்டுக்கு, சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோட்டின் சுரவரிசையைத் தலைகீழாக மாற்றிவைத்தார். வலப்பக்கம் போகப்போக ஓசை கீழே இறங்கும். நாற்பது வருடம் பழகிய விரல் பழைய தடத்தில் ஓடிவிடாமல் இருக்கத் தனக்குத் தானே போட்ட மறிப்பு. எங்கள் வீட்டுக் கீபோட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க நான் இதை முயன்று பார்த்தேன். 'சரிகம' சொல்லவே முடியவில்லை. அந்த மனிதர் அதில் ஒரு சந்தையையே நடத்தியிருக்கிறார். அடுத்த வருடம் அந்தக் குழு வெளியிட்ட தட்டுத்தான் எங்கள் விடுதிக் கசற்றில் இருந்தது. பேர்ட்லாண்ட் என்பது நியூயோர்க்கில் அவர் தன் மனைவி மக்சீனை முதன்முதல் சந்தித்த ஜாஸ் விடுதியின் பெயர்.

பிற்காலத்தில் 'ஸாவினுல் சிண்டிக்கேற்' என்ற குழுவில் கமரூன், ஐவரி கோஸ்ற், மொறீசியஸ், இந்தியா என்று பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்தார். மாலி நாட்டுப் பாடகர் சலிப் கெய்ற்றாவின் 1991 தட்டைத் தயாரித்ததும் அவர்தான். 1998 ஓகஸ்டில், நாசிகளின் மவுத்தவுசன் வதைமுகாமின் கல்லுடைக்கும் குழியில், இறந்தவர்களுக்காக ஓர் அஞ்சலி நிகழ்வு நடத்தினார். கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகள் உள்ள இடம். அந்த ஒலிப்பதிவை நான் வருடத்தில் ஒரு தடவைதான் கேட்பேன். அடிக்கடி கேட்க மனம் தாங்காது.

2004 இல், தான் வளர்ந்த வியன்னாவின் மூன்றாம் வட்டாரத்திலேயே பேர்ட்லாண்ட் என்ற பெயரில் ஓர் இசைவிடுதி திறந்தார். 2005 இலையுதிர்காலத்தில் இரவு ரயில் பிடித்துப் போனேன். பூப்போட்ட வட்டத் தொப்பி, வெள்ளை மீசை, சுற்றிவர கீபோட்டுகள். விரலைவிடக் கண்தான் அதிகம் வேலை செய்தது. தாளக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், பாட்டு திரும்பிவிடும். மின்குரலில் யாரோ கிழவர் மலையடிவாரத்தில் நின்று கூப்பிடுவதுபோல ஒரு மெட்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

2007 கோடையில் மக்சீன் காலமானார். ஸாவினுலும் கடும் தோல் புற்றுநோயோடுதான் அந்த வருடத்து இசைச் சுற்றுப்பயணத்தை முடித்தார். ஹங்கேரி மேடையில் பழைய நண்பர் ஷோர்ட்டர் வந்து சேர, இருவருமாக 'இன் எ சைலன்ற் வே' வாசித்தார்கள். செப்டெம்பர் 11 இல் வியன்னாவில் உயிர் பிரிந்தது. வயது 75.

ஏ.எல். சோதனை முடிந்து போன அண்ணையை நான் பிறகு காணவேயில்லை. கனடாவில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், சிட்னியில் என்று இன்னொருவர். அண்ணை, இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால் சொல்கிறேன்: அந்தத் திங்கட்கிழமை நான் பொய் சொன்னேன். வீட்டில் மறந்துபோய் விட்டுவிட்டேன் என்றது பொய். கசற் பிறகு எத்தனையோ இடம் மாறி என்னோடு இங்கே வந்துவிட்டது. நாடா சிக்கவில்லை, பென்சில் விட்டுச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். மலர் ஆசிரியரிடம் என் விலாசம் இருக்கிறது.