எங்கள் கோச்சை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்த கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒரு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது சாதித்தவர்களின் கௌரவப் பட்டியல், உண்டு. எங்கள் ஊரில் இருப்பதில் யார் வேண்டுமானாலும் ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைப்பவர் அங்கே படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் மகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்த கோச், 1970களின் கடைசியில் இதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்காக ஆடியவர். அவர் பெயரைக் கொடுத்தேன், தேர்வாகிவிட்டார். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

படிவம் சின்னதுதான். ஆடிய வருடங்கள், சாதனைகள், கூடவே சில பரிந்துரைக் கடிதங்கள். சாதனைகள் என்ற கட்டத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். அப்படிப்பட்டவருக்கு ஆதாரம் தேடவே வேண்டாம். கோச் ஆடிய காலத்தில் பெண்களுக்கு என்.சி.ஏ.ஏ. டென்னிஸ் போட்டியே கிடையாது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பெண்களின் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு. என்.சி.ஏ.ஏ. பெண்கள் டென்னிஸைத் தொடங்கியது 1982-இல். எங்கள் பல்கலைக்கழகத்தின் சாதனைக் குறிப்பேடும் அந்த வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் அங்கே பெண்கள் மட்டையையே தொடவில்லை போலிருக்கிறது! எனக்குப் பொறுக்கவில்லை.

விளையாட்டுத் துறையில் கேட்டால் கையை விரித்தார்கள். நூலகத்தில் மாணவர் பத்திரிகையின் பழைய இதழ்கள் மைக்ரோஃபிலிமில் இருந்தன. ஒன்று கவனியுங்கள்: கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் தேட வேண்டும். அந்தக் காலத்துப் பெண் வீரர்கள் பலர் பதிவுகளில் காணாமல் போவது இதனால்தான். சில செய்திகளில் முதல் பெயரே இல்லை, குடும்பப் பெயரும் ஸ்கோரும் மட்டும்.

அதைவிடப் பெரிய புதையல் கோச் வீட்டில் இருந்தது. அவருடைய அம்மா ஒட்டிவைத்த ஆல்பம். டேப் பழுத்துப்போய், கத்தரித்த செய்திகள் தாளிலிருந்து கழன்று கிடந்தன. நடுவே பென்சிலில் எழுதிய ஒரு ஸ்கோர் தாள். ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர், ஆக ஒன்பது புள்ளி. அப்போதைய கணக்கு அதுதான். நான்குக்கு நான்கு என்று நிற்கும்போது கடைசியாக முடிந்த இரட்டையர் ஆட்டத்தைக் கோச்சும் அவருடைய ஜோடியும் மூன்றாவது செட்டில் 7-5 என்று எடுத்திருந்தார்கள். அந்த வரிக்குக் கீழே யாரோ இரண்டு கோடு அழுத்திப் போட்டிருந்தார்கள்.

அந்தத் தாளைத்தான் விண்ணப்பத்தின் முதல் பக்கமாக வைத்தேன். தேர்வுக் குழுவில் பெரும்பாலும் அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து ஆட்கள். கோச்சைப் போல, அணியின் திறமை வரிசையில் நான்காவது இடத்தில் ஒற்றையர் ஆடுகிறவர் அணிக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தானாகப் புரியாது. முதல் இடத்தில் ஜெயித்தாலும் ஒரு புள்ளிதான், நான்காவதில் ஜெயித்தாலும் ஒரு புள்ளிதான் என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். கடிதங்களையும் அப்படியே கேட்டு வாங்கினேன். ‘நல்ல மனுஷி’ என்று எழுதினால் போதாது. எந்த ஆட்டம், யாருக்கு எதிராக, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னேன். அணித் தோழி ஒருவர் அனுப்பிய கடிதத்தில், பெண்கள் அணி தங்கள் சொந்தக் காரில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போன கதை முழுசாக இருந்தது.

அங்கீகாரம் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் விண்ணப்பம் சில வருடங்கள் கோப்பிலேயே இருக்கும், புதிய ஆதாரம் கிடைத்தால் சேர்க்கலாம். அதை மட்டும் ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விழா இரவு விருந்தோடு நடந்தது. மறுநாள் ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்கு நடுவே நிற்கவைத்துப் பெயர் சொன்னார்கள். முந்தின இரவு மேடையில் கோச் தன்னைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். இரட்டையர் ஜோடியைப் பற்றித்தான் நிறையப் பேசினார். அந்த ஜோடி இப்போது உயிரோடு இல்லை. மறைந்தவர்களையும் இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், கோச்சும் நானும் அடுத்த படிவத்தை அவர் பெயரில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். முதல் பக்கம் தயார், அதே ஸ்கோர் தாள்தான்.