கடையில் கிடைக்காதது

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் வரலாற்று ஆசிரியர் பண்பாடு பற்றிய பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே தொடங்கினார். "நாளைக்கு ஆடிப்பதினெட்டு. காவேரியில பிரியுற நம்ம குடமுருட்டி ஆத்தங்கரையில போய் நில்லுங்க. பண்பாடுன்னு தோணுறதையெல்லாம் எழுதிட்டு வாங்க" என்றார்.

நான் ஒரு பக்கம் நிறைய எழுதிப் போனேன். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி, பிள்ளைகள் இழுத்து வந்த சப்பரம். சார் படித்துவிட்டு, "இதெல்லாம் கடைத்தெருவுல கிடைக்கும் தம்பி. கிடைக்காததுல எதைப் பார்த்தே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "காவேரி முழுகாம இருக்கா சார். அவ மசக்கைக்குத்தான் சித்திரான்னம் படைக்கிறோம்னு எங்க அப்பாயி சொன்னாங்க" என்றாள். சார் முகம் மலர்ந்துவிட்டது. கரும்பலகையில் 'நம்பிக்கை' என்று எழுதினார்.

அடுத்து மொழி. மடை, மதகு, வடிகால், குறுவை, சம்பா, தாளடி என்று நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார்.

வழக்கம் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். சாருக்குக் கடைமடை ஊர். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் அங்கே தண்ணீர் எட்ட நாளாகும். "ராத்திரியில அரிக்கேன் விளக்கோட எங்கப்பா வரப்புல உட்கார்ந்திருப்பார். வாய்க்கால்ல தண்ணி ஓடும். தன் முறை வராம மண்வெட்டியைத் தொட மாட்டார். பார்க்க ஒரு ஆள் கிடையாது." சொல்லும்போதே குரல் இறங்கியது. முறை என்பது ஊர் போட்ட விதி. ஆளில்லாத இருட்டிலும் அதைக் காப்பது விழுமியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

1871-இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று மனிதன் சமுதாயத்தில் ஒருவனாக இருந்து பெறுகிற எல்லாவற்றையும் பண்பாடு என்றார். 'பெறுகிற' என்ற சொல்லுக்குக் கீழே சார் இரண்டு கோடு போட்டார். ரத்தத்தில் வராது, யாராவது சொல்லித் தர வேண்டும் என்றார்.

இங்கே மெல்போர்னில் காதோலை கருகமணி தபாலில் வந்துவிடுகிறது. போன ஆடியில், நல்ல குளிரில், சமையலறைக் குழாயடியில் செம்பும் எலுமிச்சைச் சாதமும் வைத்தோம். சாதம் யாருக்கு என்று மகள் கேட்டாள். அந்த அப்பாயி சொன்னதைச் சொன்னேன்.

"நம்ம குழாய்த் தண்ணி இந்த ஊர் யாரா ஆத்துலேர்ந்து வருதுப்பா. யாராவும் முழுகாம இருக்காளா?"

"இருக்காம்மா" என்று சொல்லி, அவள் கையில் கயிற்றைக் கட்டிவிட்டேன்.