சர்நேம் கட்டம்

சாவ் பாலோ வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வந்த புதுசுல என்னை ரொம்ப அலைய விட்டது விசாவோ வாடகை வீடோ இல்ல, என் பேருதான். பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலி. இங்க எந்த ஃபார்ம் எடுத்தாலும் "சோப்ரெநோமி"ன்னு ஒரு கட்டம், அத நிரப்பாம அடுத்த பக்கமே வராது. ஒரு ஆபீஸ்ல மூணு தடவ திருப்பி அனுப்பிட்டு நாலாவது தடவ கவுன்டர் அம்மாவே எங்கப்பா பேர அதுல டைப் பண்ணிட்டாங்க. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு, அவர் பேர சொல்லி என்னைக் கூப்பிட்டப்போ சட்டுனு எழுந்திரிக்க முடியல.

இத போர்ச்சுகீஸ் கிளாஸ்ல சொன்னேன், டீச்சர் போர்டுல 1757ன்னு எழுதினாங்க. பிரேசில் போர்ச்சுகல் கையில இருந்த காலம், போர்ச்சுகல் மந்திரி பொம்பால் அதிகாரத்துல இருந்தப்போ வந்த "டிரெட்டோரியோ" சட்டம், முதல்ல அமேசான் பக்கத்து பழங்குடி ஊர்களுக்கு, மறுவருஷம் பிரேசில் முழுக்க. சர்நேம் இல்லாத பழங்குடிகளுக்கு போர்ச்சுகல் குடும்பப் பேர வைக்கணும்னு அதுல ஒரு விதியே இருக்கு. ஊருக்கு ஒரு டைரக்டர், விளையறதுல ஆறுல ஒரு பங்கு அவருக்கு. துபிங்கற பழங்குடி மொழில இருந்து வந்த பொதுமொழிய எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, அத விட்டுட்டு போர்ச்சுகீஸ்தான் பேசணும்னு சொல்லி, அந்த மொழிய பரப்பினதே பிசாசு வேலைன்னு சட்டத்துக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. அதப் படிச்சு காட்டினப்போ எனக்கு வயிறு எரிஞ்சது.

இத்தனைக்கும் பழங்குடிகள அடிமையாக்கக் கூடாதுன்னு 1570லயே போர்ச்சுகல் ராஜா செபாஸ்தியான் சட்டம் போட்டாச்சு, ஆனா "நியாயமான போர்"ல பிடிச்சா பரவாயில்லயாம், எது நியாயம்னு சொல்றது ராஜாவும் கவர்னரும். 1609ல எல்லாருக்கும் முழு விடுதலைன்னாங்க, இங்க குடியேறினவங்க கொதிச்சுப்போய் எதிர்த்ததும் 1611ல அந்தப் போர் விதி திரும்ப வந்துடுச்சு.

போன மாசம் ஜராகுவா மலைப்பக்கம் போனோம், சிட்டிக்குள்ளயே குவரானி பழங்குடி மக்கள் இருக்கற இடம். ஒரு அக்காகிட்ட மரத்துல செதுக்கின ஆந்தை வாங்கி பிக்ஸ்ல, நம்ம ஊர் யுபிஐ மாதிரி, பணம் அனுப்பினேன், போன்ல வந்த பேரு "டா சில்வா"ன்னு போர்ச்சுகீஸ் சர்நேம்ல முடிஞ்சது. அவங்களக் கூப்பிடற பேரு வேறயாம். ஆனா 2012ல இருந்து குவரானி பேரையே பதிஞ்சுக்கலாம், இனத்தோட பேர சர்நேமாவும் போட்டுக்கலாம், அதனால பொண்ணுக்கு அப்படித்தான் பதிஞ்சிருக்கோம்னாங்க. பொண்ணு பேர எனக்கு சரியா வர்ற வரைக்கும் நிறுத்தி நிறுத்தி சொல்லிக் குடுத்தாங்க.