மகளுக்கு ஹானர் சொசைட்டி அழைப்பு: பணம் கட்டலாமா?

பெரியவள் டர்பனில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன செமஸ்டர் முடிவு வந்த கையோடு ஒரு மின்னஞ்சல். வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்திருக்கிறாளாம், அதனால் ஒரு சர்வதேச ஹானர் சொசைட்டியில், அதாவது நல்ல மார்க் வாங்கும் மாணவர்களை அழைத்துச் சேர்க்கும் சங்கத்தில், சேரத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ஒரே தடவை பணம் கட்டினால் ஆயுள் உறுப்பினர். கட்டணம் ஆயிரம் ராண்டைத் தாண்டுகிறது. கெடு அடுத்த வெள்ளி.

அதை அவள் எனக்குக் காட்டும் முன்பே என் மாமியாருக்குக் காட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வருவதற்குள் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "காசு நான் குடுக்கிறேன், நீ ஏன்மா கணக்குப் பார்க்கிறே?" என்கிறார் அத்தை. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்ட ஹாலில் இடமும் பார்த்தாகிவிட்டது.

சங்கம் போலி என்று நான் நினைக்கவில்லை. இதைக் காட்டினால் யார், என்ன தருவார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன். அதற்குள் உயிர் போய்விட்டது.

பல்கலைக்கழக மாணவர் சேவை கவுண்டரில் "ஃபேக்கல்டி ஆஃபீஸில் கேளுங்கள்" என்றார்கள். அங்கே போனால் மதிய இடைவேளை. கதவில் ஒட்டியிருந்த நேரத்துக்கு மேலேயும் காத்திருந்து, பார்க்கிங் காசு கட்டிவிட்டுத் திரும்பினோம். மறுபடி போனபோது அங்கிருந்த பெண் மின்னஞ்சலை ஒரு பார்வை பார்த்து, "எங்கள் லோகோ இருக்கிறதே, அப்போது சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தார். மார்க்கை இவர்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடப்பில் இருக்கிறது. நம் தகவல் யார் கைக்குப் போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடவே அவர் ஒத்துக்கொண்டார். சேர்க்கையின்போது கொடுத்த ஒப்புதலில் அதுவும் அடக்கம் என்று பிறகு பதில் வந்தது.

சங்கத்துக்கும் எழுதினேன். போன வருடம் தென்னாப்பிரிக்க மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவித்தொகை கொடுத்தீர்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? பதிலாக வந்தது ஏற்கெனவே அனுப்பியிருந்த அதே பளபளப்பான பிரோஷர். வெள்ளிக்கிழமையும் போனது. அப்புறம் பார்த்தால் "உங்களுக்காகவே கெடுவை நீட்டித்திருக்கிறோம்" என்று இன்னொரு மின்னஞ்சல். எனக்குச் சுருக்கென்றது அங்கேதான்.

இந்த வழக்கமே அமெரிக்காவில் பிறந்தது. ஃபை பீட்டா காப்பா என்ற சங்கம் 1776இல் வர்ஜீனியாவில் தொடங்கியது. 1925இல் இப்படிப்பட்ட சங்கங்களுக்குத் தரம் பார்க்க ஒரு கூட்டமைப்பே வந்துவிட்டது. அதன் பட்டியலில் உள்ள தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், பட்டம் வாங்கியவர் அங்கே மத்திய அரசு வேலையில் ஜி.எஸ்.-7 என்ற சம்பளப் படிநிலைக்குத் தகுதி பெற அது ஒரு வழி. ஆக, அங்கே அதற்கு ஒரு மதிப்பு எழுத்திலேயே இருக்கிறது. டர்பனில் அப்படி ஒரு விதியை யாரும் எனக்குக் காட்டவில்லை. பி.காம்.க்கு அடுத்த படிப்பான ஹானர்ஸ் படிக்க, தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப்.பிடம் உதவித்தொகை கேட்டால் குடும்ப வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்கிறதா, மார்க் 75 சதவீதம் தொட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வங்கியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் என் கொழுந்தனைக் கேட்டேன். "அண்ணி, சி.வி.யில் அது ஒரு வரி. நாங்கள் புரட்டுவது அகடமிக் ரெக்கார்டை" என்றார்.

வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் போட நினைப்பவர்கள், சங்கத்தின் வளாகக் கிளையில் உண்மையாகவே ஓடியாடி வேலை செய்யப்போகிறவர்கள் கட்டினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வளாகத்தில் கிளை உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடினார்கள் என்று முதலில் பாருங்கள். பணம் கட்டிவிட்டு மனசு மாறியவர்களும் சும்மா இருக்க வேண்டாம். இங்கே 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவில், ஆன்லைனில் செய்த ஒப்பந்தத்தை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய இடம் உண்டு. சில விதிவிலக்குகள் இருக்கின்றன. எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் கட்டவில்லை. அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

இத்தனை அலைச்சலில் ஒரு நல்லது நடந்தது. ஃபேக்கல்டி ஆஃபீஸ் பெண் கோப்பைப் புரட்டும்போது, "இவளுக்கு டீன் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறதே, வாங்கவில்லையா?" என்றார். ஒரு செமஸ்டருக்கு இல்லை, இரண்டு செமஸ்டருக்கு! யாரும் சொல்லவில்லை, அனுப்பவும் இல்லை, டிராயரில் கிடக்கிறது. அகடமிக் ரெக்கார்டிலும் அது ஏறியிருக்கிறது, ஒரு சென்ட் செலவில்லாமல். இரண்டையும் முத்திரையோடு வாங்கி வந்தோம். அத்தைக்கு இப்போது ஹாலில் ஒரு சட்டம் போதவில்லை.

உங்கள் பிள்ளைக்கும் 75க்கு மேல் வருகிறது என்றால் ஃபேக்கல்டி ஆஃபீஸில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். காலையிலேயே போங்கள், மாணவர் அட்டையை மறக்காதீர்கள். அட்டை இல்லாமல் கடிதத்தைக் கையில் தர மாட்டார்கள்.