பார்லி அரிசியில் ஒரு ஐரிஷ் ஸ்டவுட்

ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் வகைகளில் ஐரிஷ் டிரை ஸ்டவுட்டுக்குத்தான் பொருள் பட்டியல் மிகச் சின்னது. பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிறப் பார்லி) 70 பங்கு, பார்லி அவல் 20 பங்கு, கறுக்க வறுத்த பார்லி 10 பங்கு. கசப்புக்குக் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் பூ, புளிக்க வைக்க ஐரிஷ் ஏல் ஈஸ்ட். என்னிடம் இருந்தது பேல் மால்ட் மட்டும். மற்ற நான்கையும் சிங்கப்பூரில் கைக்கு எட்டுவதை வைத்தே சமாளித்துப் பார்த்தேன். இங்கே 18 வயதானவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்தத் தேவைக்கு மட்டும், உரிமம் இல்லாமல் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைக்கு 10 லிட்டரே தாராளம்.

முதலில் வறுத்த பார்லி. காப்பி போன்ற அந்தக் கசப்பும் கறுப்பும் இதிலிருந்துதான் வருகின்றன. இது முளைகட்டாத பார்லி என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1880 வரை மால்ட்டுக்குத்தான் வரி. முளைகட்டாத தானியத்தைச் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. அதற்கு முன் நிறம் கொடுத்தது கறுப்பு மால்ட். அதை வறுக்கும் உருளைக்கு டேனியல் வீலர் 1817இல் காப்புரிமை வாங்கினார். ஆக, இந்தப் பானத்தின் கறுப்பே ஒரு முறை கைமாறி வந்ததுதான். எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

பார்லித் தேநீருக்கு விற்கும் ஜப்பானிய, கொரிய வறுத்த பார்லியை முதலில் பார்த்தேன். வாசனை அருமை, ஆனால் வறுவல் போதாது. ஸ்டவுட்டுக்கு அது வெளிர்நிறம். அதனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில், கஞ்சிக்கு வாங்கும் அதே பார்லி அரிசியை வாங்கி, கனத்த இரும்புச் சட்டியில் நானே வறுத்தேன். பொன்னிறம், செந்நிறம், காப்பிக்கொட்டை நிறம் என்று ஏறிக்கொண்டே போகும். காப்பி நிறத்தைத் தாண்டி, கரியாவதற்குச் சற்று முன் இறக்க வேண்டும். ஒரு மணியைக் கடித்தால் முறுகிய கசப்பு தெரிய வேண்டும், சாம்பல் ருசி தெரியக் கூடாது. கை ஓயாமல் கிளற வேண்டும். புகை நிறைய வரும், சன்னல்களைத் திறந்தே வையுங்கள். வறுத்ததும் பயன்படுத்தாமல், காகிதப் பையில் ஒரு வாரத்துக்கு மேல் ஆறப்போட்டால் காரமான புகைவாடை போய்விடுகிறது. வறுத்த பிறகு நிறுத்து 230 கிராம் எடுத்தேன், ஏனென்றால் வறுபடும்போது எடை குறைகிறது.

அடுத்தது பார்லி அவல். நம் ஊர் அரிசி அவலைப் போடலாமே என்று பலருக்கும் தோன்றும், எனக்கும் ஆசை இருந்தது. மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதால் நேரடியாக மால்ட்டோடு ஊறவைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டவுட்டில் பார்லி அவலின் வேலை சர்க்கரை தருவது மட்டுமல்ல. அதன் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும் புரதமும்தான் வாயில் அந்தக் கொழகொழப்பையும், நுரை நிற்பதையும் தருகின்றன. அரிசியில் அவை மிகக் குறைவு. சிறிய அளவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்தேன். அரிசி அவல் போட்டது நீர்த்துப் போய், நுரை சட்டென்று அமுங்கியது. வறுக்காத பார்லி அரிசியை ரவையாக உடைத்து, கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்ததில் நுரை கடைசி வாய் வரை நின்றது. காய்ச்சப் பொறுமை இல்லாதவர்கள் ஓட்ஸ் போடலாம். அதுவும் ஆவியில் வெந்து தட்டையானதுதான், வழவழப்பும் கூடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டப்ளினின் பழைய தண்ணீரில் பைகார்பனேட் அதிகம்; கறுப்புத் தானியத்தின் புளிப்பை அது சமன்செய்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் மென்மையானது. கறுப்புத் தானியத்தை முதலிலேயே கொட்டினால் ஊறலில் அளவுக்கு மீறிப் புளிப்பு ஏறும். அதனால் பேல் மால்ட்டையும் கஞ்சியையும் 66 டிகிரியில் ஊறவைத்துவிட்டு, வறுத்த பார்லியைக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் சேர்த்தேன். சோடா உப்பு தேவைப்படவில்லை.

ஹாப்ஸ் மாற்றுவது வெறும் கணக்கு. கொதிக்கும் ஒரு மணி நேரமும் கிடந்து கசப்பு மட்டும் தருவதால் மணம் பெரிதாக மிஞ்சாது. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதமுள்ள கோல்டிங்ஸ் 30 கிராமுக்கு, 12 சதவீதமுள்ள மேக்னம் ரக ஹாப்ஸ் 12.5 கிராம்.

ஈஸ்ட்டில்தான் துணிந்து விலகினேன். ஐரிஷ் ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். எங்கள் வீட்டில் பகலில் 30. அதற்காகக் குளிர்பதனப் பெட்டி ஒன்றைத் தனியே ஓட்ட மனமில்லை. மேற்கு நார்வேயின் வொஸ் பகுதிப் பண்ணை ஈஸ்ட்டான க்வெய்க், 40 டிகிரி வரை தாங்கும். அதன் ஆரஞ்சுத் தோல் வாசனை வறுவலோடு சண்டை போடுமோ என்று பார்த்தேன். மூக்கை அருகில் கொண்டுபோனால் மட்டும் லேசாகத் தெரிகிறது, எனக்குப் பிடித்தே இருக்கிறது.

தண்ணீரை 1 என்று வைத்தால், அடர்த்தி 1.044இல் தொடங்கி 1.010இல் நின்றது, மதுச்சத்து ஏறக்குறைய 4.5 சதவீதம். நிறம்தான் முழுக் கறுப்பு இல்லை, விளக்கில் பிடித்தால் மாணிக்கச் சிவப்பு. கைவறுவல் சீராக இராது என்பதால் அடுத்த முறை வறுத்த பார்லியை 260 கிராமாக ஏற்றப்போகிறேன். பாட்டிலில் அடைக்கும்போது 10 லிட்டருக்கு 55 கிராம் சீனி போதும். அதற்கு மேல் போனால் வாயு கூடி, கஞ்சியால் கிடைத்த வழவழப்பு நாக்கில் தெரியாமல் போய்விடும்.